கையைக் கவ்வும் குட்டி

கூட வாழும் உயிர்கள் – 17

அந்தமான் நிக்கோபார் காடுகளில் பூனை இனத்தைச் சேர்ந்த காட்டு விலங்கு ஒன்றுகூடக் கிடையாது. இங்குள்ள பூனைகள் எல்லாமே மனிதர்களோடு கப்பலேறி வந்தவற்றின் வழி என்று சென்ற வாரம் பார்த்தோம். அவற்றில் ஒன்று நம் மடிக்கு வந்த பிறகு நடப்பது இந்த வாரம். ஜங்கிலிகாட் போல மீன் இறங்கும் இடங்களில் தாயோடு திரியும் குட்டி, சோற்றில் வாய் வைக்கத் தொடங்கியதுமே தனியாகத் தூக்கப்பட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. சில வாரங்களில் வீட்டார் முழங்கை வரை பிராண்டல். ‘முரட்டுக் குட்டி, புத்தி அப்படி’ என்று சொல்லி மறுபடி கடைத்தெருவில் விட்டுவிடுகிறார்கள். அது புத்தியின் கோளாறு அல்ல என்பதே என் வாதம். எந்த வயதில் பிரித்தோம், எதை விளையாடக் கொடுத்தோம் என்ற இரண்டு கேள்விகளுக்குள் பெரும்பாலான கடி அடங்கிவிடும்.

குட்டி கையைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். முன்னங்கால் இரண்டாலும் மணிக்கட்டைக் கட்டிக்கொள்கிறது, பல்லைப் பதிக்கிறது, பின்னங்கால்களால் உதைத்துக் கிழிக்கிறது. வளர்ந்த பூனை தன் அளவுக்குப் பெரிய இரையை மடக்குவதும் இதே முறையில்தான். பல்லும் நகமும் எவ்வளவு அழுந்தலாம் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றிடம் கற்கிறது. அழுத்திக் கடித்தால் எதிரி கத்தும், திருப்பிக் கடிக்கும், ஆட்டத்தை விட்டுப் போய்விடும். தாயும் ஒரு தட்டுத் தட்டும். பிறந்து நாலைந்து வாரத்தில் தனியாகத் தூக்கி வந்த குட்டிக்கு இந்தப் பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றுபோகிறது. ஃபின்லாந்தில் 5,700க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விவரம் திரட்டி 2017இல் வெளியான ஆய்வில், 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றிடம் ஆக்ரோஷம் கூடுதலாகத் தெரிந்தது. 14 வாரத்துக்குப் பின் பிரிக்கப்பட்டவற்றிடம் அது குறைவு. அவற்றில் பல வளர்ப்பு இனப் பூனைகள், நம் தெருப் பூனைக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். விகிதம் மாறக்கூடும். ஆனால் உடன்பிறப்போடு புரண்டு கற்கும் பாடத்துக்கு இன வேறுபாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

‘மூக்கில் ஒரு சுண்டு சுண்டினால் அடங்கிவிடும்’ என்பது வழக்கமான வைத்தியம். அடங்குவதுபோலத் தெரியும், உண்மைதான். ஆனால் சோறு வைக்கும் கையும் அடிக்கும் கையும் ஒன்றே என்றாகும்போது, குட்டி கையைக் கண்டாலே காதை மடக்கிப் பதுங்கும், அல்லது முந்திக்கொண்டு கடிக்கும். கையை வெடுக்கென்று இழுப்பதும் தவறு. தப்பி ஓடும் இரை அப்படித்தான் செய்யும், பிடி இன்னும் இறுகும். கையை அசையாமல் வைத்து, பிடி தளர்ந்ததும் விலக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வீட்டில் ஒருவர் தவறாமல் இப்படிச் செய்ய, இன்னொருவர் விரலை ஆட்டிச் சிரித்தால் பலன் கிடையாது. அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கவலை. இரண்டு மாதக் குட்டியின் கடி கூச்சம் காட்டுகிறது. அதே கடி எட்டாம் மாதத்தில் ரத்தம் காட்டும்.

கைக்குப் பதில் என்ன? ஒரு முழக் கயிற்றின் நுனியில் துணி முடிச்சு, மறுநுனியில் குச்சி. முடிச்சைக் குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டாமல், நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறைந்து போகும்படி தரையோடு இழுக்க வேண்டும். எலி பூனையை நோக்கி ஓடி வராது அல்லவா? அவ்வப்போது பிடிக்கவும் விட வேண்டும். பூனைகள் ஒரே பொம்மையில் விரைவில் சலித்துப்போகும், பொம்மையை மாற்றினால் ஆவல் திரும்பும், பசி இருக்கும்போது ஆட்டம் சூடாகும் என்பவை ஜான் பிராட்ஷாவும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டவை. ஆகவே சாப்பாட்டுக்குச் சற்று முன் விளையாடி, கடைசிப் பிடியோடு மீன்சோற்றை வைத்துவிட்டால் குட்டி தின்று, நக்கி, தூங்கிவிடும். இரண்டு பருவமழையும் வாங்கும் தீவில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களில் இது இன்னும் அவசியம்.

விளையாட்டு காட்டினால் வேட்டைக்குப் பழக்கிவிட மாட்டோமா? நியாயமான கேள்வி, அதுவும் இங்கே. அந்தமானின் பச்சைப் பகல்பல்லி வாழை இலையிலும் வீட்டுச் சுவரிலும் வெயில் காயும். அதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் மடகாஸ்கர் பக்கத்துத் தீவுகளில்தான். நிக்கோபாரின் மெகாபோட் பறவை மணலும் மக்கிய இலையும் சேர்ந்த மேட்டுக்குள் முட்டையிடுகிறது. குஞ்சு தானே தோண்டி வெளியே வந்து, தாய் தந்தை துணையின்றி ஓடுகிறது. பூனையிடம் அதற்கு என்ன காப்பு? ஆனால் 1980இல் டிம் காரோ வெளியிட்ட சோதனையில், பொம்மையோடு ஆடிய அனுபவம் பிற்கால வேட்டைத் திறனை அவ்வளவாக மாற்றவில்லை. தாயின் துணையோடு இரையைப் பழகியதுதான் மாற்றியது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. 219 வீடுகளின் 355 பூனைகளில், தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்டவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு தரப்பட்டவற்றில் 36 சதவீதம். கழுத்து மணியால் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. 25 சதவீதம் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காட்டோரக் குடியிருப்புகளில் பூனையை வெளியே விடாமல் வளர்ப்பதற்கு மாற்று இல்லை. அப்படி உள்ளேயே வளரும் பூனைக்குத்தான் இந்தப் பத்து நிமிடம் மற்றப் பூனைகளைவிட அதிகமாகத் தேவை.

‘தீவில் வெறிநோய் கிடையாது, கடித்தால் என்ன’ என்றும் பேச்சு உண்டு. இந்தியாவில் வெறிநோய் இல்லாத இடங்களாக அந்தமான் நிக்கோபாரையும் லட்சத்தீவையும் வெகுகாலமாகச் சொல்லி வருவது சரியே. ஆனால் பூனையின் பல் ஊசிபோல ஆழமாக இறங்கி, வாயிலுள்ள பாஸ்டுரெல்லா கிருமியை உள்ளே விட்டு, மேலே சிறு புள்ளியாக மூடிக்கொள்ளும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

இனி குட்டியைத் தூக்கும் அந்த நேரத்துக்கு வருவோம். கண் திறக்கும்போது குட்டிகளின் கண் எல்லாம் நீலம். ஆறேழு வாரத்தில்தான் பெரும்பாலானவற்றுக்கு மஞ்சளோ பச்சையோ ஏறத் தொடங்கும். 8 வாரத்தில் பால்பல் 26ம் வந்திருக்கும். மீன் கூடைகளுக்கு நடுவே ஒரு குட்டி மனதுக்குப் பிடித்துப்போய், அதன் கண் இன்னும் நீலமாக, தாயும் அருகில் இருந்தால், தாய்க்கு ஒரு மீன் போட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள். முடிந்தால் அப்போது இரண்டாகத் தூக்குங்கள்.