இருட்டின் இசை – 14: பேசாத வீடுகள்

சென்ற வாரம் நார்த்தாம்ப்டனில், பௌஹாஸ் குழுவின் ஒன்பது நிமிடப் பாட்டோடு நிறுத்தியிருந்தோம். 1979இல் வந்த அந்தப் பாட்டிலிருந்து கிளைத்த கோத் இசை, சில ஆண்டுகளிலேயே பலருக்குக் கறுப்பு உடையும் கண்மையுமாகச் சுருங்கிப்போனது. அதற்கு மறுபடி உயிர் வந்த இடங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது, பெலாரஸின் தலைநகர் மின்ஸ்க்.

2017இல் அங்கே யெகோர் ஷ்குட்கோ, ரோமான் கோமகோர்ட்செவ் என்ற நண்பர்கள் ‘மல்சாத் தமா’ குழுவைத் தொடங்கினார்கள். ‘வீடுகள் பேசாமல் இருக்கின்றன’ என்று பொருள். அதே ஆண்டு வந்த முதல் ஆல்பத்தின் பெயர், ‘எங்கள் வீட்டுக் கூரைகளிலிருந்து’. பாடுவது ரஷ்ய மொழியில்.

எந்த வீடுகள்? இரண்டாம் உலகப் போரில் மின்ஸ்க் ஏறக்குறைய தரைமட்டமான நகரம். 1955 நவம்பரில், கட்டடங்களில் வீண் அலங்காரம் கூடாதென்று சோவியத் அரசு ஆணையிட்டது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேனால் தூக்கி அடுக்கிய ஐந்து மாடி வீடுகள் நாடெங்கும் எழுந்தன. அதற்கு மேல் போனால் லிஃப்ட் வைக்க வேண்டும், அதனால் ஐந்தோடு நிறுத்தினார்கள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். ஆனாலும், பல குடும்பங்களோடு ஒரே சமையலறையைப் பங்குபோட்டு ஓர் அறையில் முடங்கியிருந்தவர்களுக்கு, தங்களுக்கென்று ஒரு கதவு கிடைத்தது பெரிய விஷயம். சோவியத் ஒன்றியம் 1991இல் போய்விட்டது. வீடுகள் போகவில்லை. இந்த ஆல்பம் அந்தச் சுவர்களுக்குள்ளிருந்து பாடுகிறது. ‘நான் கம்யூனிஸ்ட் அல்ல’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது.

ஜாய் டிவிஷன், கினோ என்ற முந்தைய குழுக்களை நகலெடுத்தவர்கள் என்று இவர்களைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜாய் டிவிஷன் 1978இல் வாசித்த ‘ஃபேக்டரி’ இசை இரவுகள் நடந்ததே மான்செஸ்டரின் ஹியூமில், நகராட்சி எழுப்பிய கான்கிரீட் குடியிருப்புகளுக்கு நடுவில். விக்டர் த்சோயின் கினோ 1982இல் லெனின்கிராடில் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது குழுவில் டிரம்மர் கிடையாது. டிரம் மெஷினை வைத்துச் சமாளித்தார்கள். அதே மாதிரிச் சுவர்கள், அதே மாதிரிப் பற்றாக்குறை. மின்ஸ்க் இளைஞர்களுக்கு இந்த ஓசை சொந்த ஊர்ச் சொத்து.

முதல் ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். முதலில் பிடிபடுவது டிரம் மெஷின். மனிதக் கையின் தயக்கமோ தடுமாற்றமோ இல்லாமல் ஒரே சீராக அடித்துக்கொண்டே போகிறது. அதன்மேல் பேஸ் கிடார், கிடாருக்குப் பின்னால் ஒளியாமல் மெட்டையே தோளில் சுமக்கிறது. இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஜாய் டிவிஷனின் பீட்டர் ஹுக் முக்கியமானவர். பக்கத்துக் கிடாரின் இரைச்சலில் தான் வாசிப்பது தனக்கே கேட்காததால், மேல் ஸ்தாயிக்கு ஏறியவர் அவர். சிந்தசைசர் குளிர்ந்த ஒற்றை வரியாக மேலே மிதக்கிறது. ஷ்குட்கோவின் கனத்த குரல் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வருவதுபோல் மங்கலாக, எதிரொலியில் ஊறி வருகிறது. சொற்கள் முழுதாகப் பிடிபடுவதில்லை. ஒலிப்பதிவின் இந்த மங்கலைக் குறை என்பார்கள். எனக்கு ஆல்பத்தின் அழகே அதுதான். பின்னால் வந்த ‘மானுமென்ட்’ ஆல்பத்தில் ஒலி துலங்கிவிட்டது. அங்கே அந்தச் சுவரைக் காணோமே என்று ஏங்குகிறேன்.

இன்னொன்று: இவ்வளவு சோகத்துக்கும் கால் தன்னால் தாளம் போடுகிறது. கோத் இசையைச் சாவு வீட்டு இசை என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அது தொடக்கத்திலிருந்தே நடனக்கூடத்து இசை.

புகழ் வந்தது 2018இன் இரண்டாவது ஆல்பத்தால். அதில் கவிஞர் பரீஸ் ரீஷியின் கவிதைக்கு இசையமைத்த ‘சூத்னோ’ பாட்டு, 2020இல் டிக்டாக் வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு நியூயார்க்கின் சேக்ரட் போன்ஸ் நிறுவனம் இரண்டு ஆல்பங்களையும் மறுபடி வெளியிட்டது. முதல் ஆல்பத்தைப் பலர் அப்புறம்தான் தேடிப் போனார்கள். நீங்கள் முதலிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த வாரம் துருக்கியின் பூர்சா நகரம். அங்கே ‘ஷீ பாஸ்ட் அவே’ குழு 2012இல் துருக்கிய மொழியில் பாடி வெளியிட்ட முதல் ஆல்பம்.

(தொடரும்)