பலகையில் ஏறிய சிற்றூர்கள்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு அடிக்கடி மோட்டாரில் பிரயாணம் செய்யும் அன்பர் எவரைக் கேட்டாலும் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்னும் ஆறு பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்பார். இவற்றுள் சமயபுரத்தை மாரியம்மன் சந்நிதியின் பெருமையால் தமிழ்நாடு முழுவதும் அறியும். ஏனையவற்றை அவர் அறிந்தது சுங்கச்சாவடியால். 2021 பிப்ரவரி முதல் சாவடிக் கட்டணத்தைப் பாஸ்டாக் வில்லை வழியாகவே செலுத்த வேண்டுமென்று விதித்தபின், பணம் கழிந்த செய்தி கைப்பேசியில் வந்து விழும்போதும் அவ்வூரின் பெயரே முன்னிற்கிறது. ஆயினும் செங்குறிச்சியில் எத்தனை தெருக்கள், அங்குள்ளோர் என்ன பயிரிடுகின்றனர் என்று அவரை வினவினால் விழிப்பார். பெயர் தெரியும், ஊர் தெரியாது.

பெருநகரங்களின் பெயர்கள் நெடுஞ்சாலைப் பலகையில் இடம்பெறுவது இயல்பு. சிற்றூர்கள் அவற்றோடு சரியாசனம் பெறுவது எங்ஙனம்? பெரும்பாலும் சாலை பிரியும் இடமே காரணம். விக்கிரவாண்டி ஒரு பேரூராட்சிதான். எனினும் கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கும், அப்பால் மானாமதுரைக்கும் செல்லும் 36-ஆம் எண் நெடுஞ்சாலை அங்கிருந்தே கிளைக்கிறது. சோழநாட்டுக்குச் செல்வோர் அனைவரும் அவ்வூரின் பெயரைத் தேடியே ஆகவேண்டும். தருமபுரி ஜில்லாவில் தொப்பூரும் இவ்வாறே. மேட்டூருக்கும் பவானிக்கும் பிரியும் வழி அங்கே. அதன் கணவாயில் நேரும் விபத்துக்களும் அப்பெயரைப் பத்திரிகைகளில் ஓயாது ஒலிக்கச் செய்கின்றன என்பது வருந்தத்தக்கது.

வேறு சில ஊர்களுக்குப் புகழ் தேடித் தந்தவர் குத்தகைதாரர். சாலையைத் துண்டு துண்டாக வகுத்து வேலைக்கு விடும்போது ஒரு துண்டு எங்கேனும் முடியத்தானே வேண்டும்? உளுந்தூர்ப்பேட்டை முதல் பாடாலூர் வரை ஒரு பகுதி, பாடாலூர் முதல் திருச்சி வரை மற்றொன்று; கொங்குநாட்டில் செங்கப்பள்ளி முதல் வாளையாறு வரை ஒன்று. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் செங்கப்பள்ளி கோயம்புத்தூருக்கு நிகரான எல்லைக்கல் ஆகிவிட்டது! 2010-இல் நெடுஞ்சாலைகளின் எண்களையெல்லாம் மாற்றியபோது, சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே 45 என்னும் ஒரே எண்ணைத் தாங்கி நின்ற சாலை 32, 132, 38 என்று மூன்றாகச் சிதறியது. ஜனங்கள் இப்புது எண்களை இன்றும் மனத்தில் கொண்டாரில்லை. விக்கிரவாண்டி, தொழுதூர், பாடாலூர் என்று ஊர்ப்பெயரைக் கொண்டே வழி சொல்லுகின்றனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விநோதமன்று. இங்கிலாந்தின் வடபாகத்தில் யார்க்ஷயரில் ஸ்காட்ச் கார்னர் என்றோர் இடம் உண்டு. வடக்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலிருந்து மேற்கே பென்ரித்துக்கும் கார்லைலுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வழி பிரியும் முடுக்கு அது. ஒரு ஹோட்டல், பெட்ரோல் நிலையம், சொற்ப வீடுகள், வேறொன்றும் இல்லை. ஆயினும் நெடுந்தூரத்துக்கு முன்பே பலகைகள் அதன் பெயரை முழங்குகின்றன. ரோமானியர் காலத்திலேயே அங்குச் சாலை கவடாகப் பிரிந்தது. அண்மையில் சாலையை அகலப்படுத்தியபோது நிகழ்ந்த அகழாய்வில் அவர்கள் காலத்துக் குடியிருப்பே வெளிப்பட்டது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியைக் குறுக்கே கடக்கும் 80-ஆம் எண் சாலையில், மேற்கே செல்வோருக்குப் பலகை காட்டும் இலக்கு டெலவேர் வாட்டர் கேப். அது பென்சில்வேனியா எல்லையில் ஆயிரம் பேருக்கும் குறைவான ஜனத்தொகை கொண்ட சிற்றூர். பலகைக்கு வேண்டுவது வழி தவறாமை ஒன்றே. ஊரின் பருமனை அது கருதுவதில்லை.

நம் முன்னோர் சாலைக்கும் ஊருக்கும் இடையே வேறு விதமான உறவை ஏற்படுத்தியிருந்தனர். 1689 முதல் 1706 வரை மதுரையில் ஆட்சி செலுத்திய ராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்தாள் என்று கூறுவோர், அதே மூச்சில் அவள் கட்டுவித்த சத்திரங்களையும் கூறுவர். சாலை என்றால் நிழல் மரமும் கிணறும் சத்திரமும் சேர்ந்ததே. வழிப்போக்கன் இரவு தங்கினான். அவனுக்கு அரிசியும் மாட்டுக்குத் தீவனமும் விற்றுக் கிராமம் பிழைத்தது. ஒட்டன்சத்திரம் போன்று சத்திரத்தையே பெயரில் தாங்கிய ஊர்கள் இன்றும் அவ்வுறவுக்குச் சாட்சி கூறுகின்றன.

இன்றைய நாற்கரச் சாலை ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிடுகிறது. மேம்பாலத்தின்மேல் விரையும் தொலைதூரப் பேருந்து கீழே உள்ள நிறுத்தத்துக்கு இறங்காமலே ஓடிவிடுகிறது என்னும் முறையீடு எத்தனை ஊர்களிலிருந்து எழுகிறது! சாலைக்கு ஒருபுறம் குடியிருப்பும் மறுபுறம் வயலும் பள்ளிக்கூடமுமாகப் பிளவுண்ட கிராமங்கள் பல. சுரங்கப்பாதை இல்லாத இடத்தில், நடுத்தடுப்பின்மேல் ஏறிக் குதித்துக் கடக்கும் சிறுவரையும், தலையில் புல்லுக்கட்டோடு இருபுறமும் பார்த்து நிற்கும் மாதரையும் பலகையைப் பார்த்துச் செல்லும் பிரயாணி கவனிப்பதில்லை. சாலை போட்டு முடித்த பிறகு, உயிர்கள் சில பலியானதன்பின் சுரங்கப்பாதை கேட்டு மறியல் செய்ய வேண்டிய நிலையை அதிகாரிகள் நாகரிகம் என்று கருதுகின்றனர் போலும்.

சுங்கச்சாவடியின் கதை இதனினும் விபரீதமானது. 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின்படி, நகர எல்லைக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் சாவடி அமைப்பதே பொது முறை; தக்க காரணம் காட்டினால் அத்தூரத்தைக் குறைக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தை ஒட்டியுள்ள கப்பலூர்ச் சாவடி விதிக்கு முரணானது என்று அந்நகர மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றனர். 2024-இலும் கடையடைப்பும் மறியலும் நிகழ்ந்தன. இருபது கிலோமீட்டருக்குள் வசிப்போரின் சொந்த வண்டிக்கு மாதச் சீட்டு உண்டு என்று விதி சலுகை காட்டுகிறது. தன் ஊரிலிருந்து தன் வயலுக்கோ பக்கத்துச் சந்தைக்கோ செல்பவன் எதற்காகச் சீட்டு வாங்க வேண்டும் என்பதே அம்மக்களின் கேள்வி. அதற்கு நேரான விடையை நாம் இதுவரை கேட்டிலோம்.

பெயரையாவது பிழையின்றி எழுதுகிறார்களா? தொழுதூரின் ழகரம் ஆங்கில எழுத்தில் லகரமாகிறது. பாடாலூரின் டகரத்தை அந்நியர் தகரமாகப் படிக்கின்றனர். கைப்பேசியில் வழி சொல்லும் குரலும் அவ்வாறே பிதற்றுகிறது. 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு இசைய ஆங்கிலத்தில் எழுதுமாறு ஆணையை வெளியிட்டது. நோக்கம் உத்தமமானது, எழுத்துக்கூட்டும் முறை குழப்பமாக இருந்தபடியால் எதிர்ப்பு எழுந்து, அம்மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அறிஞரைக் கூட்டிச் சீர்செய்திருக்கலாம். அதற்கு முன் 2017 மார்ச்சில், வேலூர், கிருஷ்ணகிரி ஆகிய ஜில்லாக்களின் நெடுஞ்சாலைகளில் மைல்கற்களில் ஆங்கிலப் பெயர்களை அழித்து இந்தியில் எழுதியபோது நாடெங்கும் கண்டனக் குரல் எழுந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டில்லியிலிருந்து வரும் லாரி ஓட்டிக்கு வழி தெரியவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஓர் ஊரின் பெயரை எவ்வெழுத்தில் எழுதுவது என்பதை அந்த மாகாணத்தாரைக் கேளாமல் தீர்மானிக்கும் அதிகாரத்தைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஊர்ப்பெயர் வெறும் அடையாளக்குறி என்பாருக்கு விஜயமங்கலத்தைக் காட்டுவோம். சேலத்திலிருந்து கோவைக்குச் செல்லுவோருக்கு அது ஒரு சுங்கச்சாவடி. பழைய சமணக் கோயில் அங்கே நிற்பதையும், பெருங்கதை இயற்றிய கொங்குவேளிரின் ஊர் அதுவென்று மரபு கூறுவதையும் அறிந்து வண்டியை ஓரம் கட்டுபவர் ஆயிரத்தில் ஒருவர் இருப்பாரோ? சாவடியை ஒட்டி ஒரு சிறு பலகை நட்டு இதை எழுதி வைக்கப் பெருஞ்செலவு ஆகாது.

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையை நாற்கரமாக்கும் வேலையை மூன்று துண்டுகளாக வகுத்து நடத்தி வருகின்றனர். சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையுள்ள ஐம்பது கிலோமீட்டர்ப் பகுதியை 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் திறந்துவைத்தார். கொள்ளிடத்தின்மீது புதுப்பாலமும் புறவழிகளும் அதில் அடங்கும். ஆகவே சேத்தியாத்தோப்பும் சோழபுரமும் இனிப் பெரும்பலகைகளில் ஏறும். அவ்விரு ஊர்களின் பொதுமக்களும் வியாபாரிகளும் இப்போதே கூடி, பேருந்துகள் புறவழியே ஓடிவிடாமல் ஊருக்குள் வந்து நிற்கவும், சிறுவரும் உழவரும் அஞ்சாது கடக்க வழி போதாத இடங்களில் புதுச் சுரங்கப்பாதைகள் அமையவும், பலகையில் தமிழ்ப்பெயர் முதலிடத்தில் பிழையின்றி எழுதப்படவும் நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்கும் ஜில்லா கலெக்டருக்கும் விண்ணப்பம் அனுப்புவார்களாக. நகல் ஒன்றைத் தங்கள் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் அனுப்பி, பதிலைக் கையெழுத்தோடு கேட்டு வாங்கிக்கொள்வது நலம்.