உங்களுக்குத் தெரியுமா? இதயம் சாப்பிடுவது ஓய்வு நேரத்தில்!

இதயத்துக்குள் எந்நேரமும் ரத்தம் இருக்கிறது. ஆனால் உட்புறத்தின் மெல்லிய அடுக்கைத் தவிர, இதயத் தசையால் அந்த ரத்தத்தை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. மகாதமனியின் அடியில் கிளைக்கும் இரண்டு கரோனரி தமனிகள் வழியாகத்தான் அதற்கு ஆக்சிஜன் வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இடது கீழறை சுருங்கும்போது, அதன் தசைக்குள் ஓடும் சிறு குழாய்களும் நசுங்கிவிடுகின்றன. எனவே தன் பங்கில் பெரும்பகுதியை அது பெறுவது, துடித்து முடித்துத் தளரும் இடைவெளியில்தான். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறுகிறவர் கடைசியில் இலை போட்டு உட்காருவதில்லையா, அதுபோல!

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கு சுமார் 0.85 விநாடி. சுருங்க ஏறக்குறைய 0.3 விநாடி, மீதி தளர்வு. ஓடும்போது துடிப்பு கூடும்; வெட்டு விழுவது பெரும்பாலும் தளரும் நேரத்தில். வேலையோ அதிகம்! நல்ல தமனிகள் விரிந்துகொடுத்துச் சமாளிக்கும். கொழுப்பு படிந்து குறுகியவற்றால் முடியாது.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு அழுத்தி, நின்றால் அடங்குகிறதா? காரணம் இதுவாக இருக்கலாம். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.