வெயிலுக்கு மோர் ஏன் நல்லது? உடம்புக்குள்ள என்ன நடக்குது, எவ்வளவு உப்பு போடணும்... முழு விளக்கம்!

மே மாதம் மதியம் 2 மணிக்கு மறைமலைநகர் பக்கம் போய்ப் பாருங்க. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வெளியே வருபவர்கள் ஒரு பக்கம், அடுத்த ஷிப்ட்டுக்கு உள்ளே போகிறவர்கள் ஒரு பக்கம். ரெண்டு கூட்டமும் சந்திக்கிற இடம், ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மோர்ப்பானை வைத்திருக்கும் தள்ளுவண்டி!

கூல்ட்ரிங்க்ஸைவிட மோர் நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் நல்லது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு பதில் வரும். உடம்பு சூட்டைக் குறைக்கும், எலும்புக்கு கால்சியம் கிடைக்கும், அல்சர் ஆறும், தொப்பை கரையும்... வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலுக்கு முடிவே இல்லை. இதில் எது உண்மை, எது கொஞ்சம் ஓவர்?

தயிரும் மோரும் ஒண்ணா?

இல்லை. தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் மோர். இப்போது பல வீடுகளில் யாரும் கடைவதில்லை. தயிரில் தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் ஒரு சுற்று, அவ்வளவுதான். அது வெண்ணெய் எடுக்காத மோர், அதாவது தண்ணீர் கலந்த தயிர். கொழுப்பைக் குறைக்கணும்னு மோர் குடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கணும்.

மோர் வியாபாரம் இந்தப் பகுதிக்குப் புதுசு இல்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு ஆயர்மகள் வருகிறாள். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து போய் விற்று, அதற்குக் கிடைக்கும் தானியத்தில் சுற்றத்தாருக்கெல்லாம் சாப்பாடு போடுகிறாள். ஆனால் நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மாட்டாள். அதற்குப் பதிலாக எருமையும் பசுவும் வேண்டும் என்பாள். நெய்யில் சொத்து, மோரில் அன்றாடச் சோறு! கணக்கு தெரிந்த பெண்.

கால்சியம் நிறைய இருக்கா?

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்தால், 100 கிராம் பசுந்தயிரில் சுமார் 149 மில்லிகிராம் கால்சியமும் 60 கலோரியும் இருக்கின்றன. அதே அளவு மோரில் சுமார் 30 மில்லிகிராம் கால்சியமும் 15 கலோரியும்தான். காரணம் சிம்பிள். மோரில் 97 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்.

ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. மோர் குடித்தால் கிடைப்பது 60 மில்லிகிராம் கால்சியம். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குத் தேவை 1,000 மில்லிகிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. ஆக, எலும்புக்காக மட்டும் மோர் குடிப்பது சரியான வழி இல்லை. அதற்குப் பால், தயிர், கேழ்வரகு, கீரை எல்லாம் இருக்கு.

அப்போ மோர் வேஸ்ட்டா? அதுவும் இல்லை. அந்த 97 சதவீதத் தண்ணீர்தான் மோரின் பலமே!

'உடம்பு சூடு' உண்மையில் எப்படி குறையுது?

மோர் உள்ளே போய் ஏ.சி. மாதிரி உடம்பைக் குளிர வைப்பதில்லை. வெயிலில் உடம்பு தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்ள அதனிடம் இருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்வை காற்றில் ஆவியாகும்போது தோலில் இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதற்கு உடம்பில் போதுமான தண்ணீர் இருக்கணும்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் ஆவியாகாது. சட்டை நனைந்து ஒட்டும், ஆனால் சூடு இறங்காது. உடம்பு இன்னும் வியர்வையைக் கொட்டும். அதோடு உப்பும் வெளியேறும். ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 1 கிராம் சோடியம் போகலாம். ஆளைப் பொறுத்து இது கூடும், குறையும். சோடியம் என்பது நாம் போடும் உப்பில் உள்ள ஒரு பகுதி. 1 கிராம் சோடியம் என்றால் சுமார் 2.5 கிராம் உப்பு.

இப்போ புரியுதா? உப்பு போட்ட நீர்மோர், போன தண்ணீரையும் கொடுக்குது, போன உப்பில் ஒரு பங்கையும் கொடுக்குது. சர்க்கரை இல்லை. பெரும்பாலான கோலா பானங்களில் 100 மி.லி.க்கு 10 கிராம் அளவுக்கு சர்க்கரை இருக்கும். எல்லாத்துக்கும் மேல, வெறும் தண்ணீரை ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள்கூட, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோரை கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். மோரின் பெரிய மருத்துவ குணம் இதுதான் என்று சொன்னால் தப்பில்லை.

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிடும் வெப்ப அலை அறிவுரைகளிலும் ஓ.ஆர்.எஸ்., எலுமிச்சை ஜூஸ், கஞ்சித் தண்ணீரோடு மோரும் இருக்கு. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. வெயில் இப்போது சும்மா புலம்பிவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

எவ்வளவு உப்பு போடலாம்?

ஒரு லிட்டர் மோருக்கு அரை டீஸ்பூன் போதும். அது சுமார் 3 கிராம். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லிட்டர் மோர் குடித்தாலே அதில் பாதிக்கு மேல் போயிடும். வெயிலில் நின்று வியர்வை சிந்துபவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டு, மதியம் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, மேலே ரெண்டு டம்ளர் உப்பு மோர்? யோசிக்கணும்.

ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பிரச்சினை, இதய பலவீனம் உள்ளவர்கள் உப்பு இல்லாத மோர் குடிக்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால், மோரும் அந்தக் கணக்கில்தான் சேரும். இதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பாக்கெட் மோர் வாங்கினால் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்க.

வயிற்றுப்போக்குக்கு மோர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உப்பு போட்ட மோர் வீட்டிலேயே கிடைக்கும் நல்ல திரவம். ஆனால் அது ஓ.ஆர்.எஸ். ஆகாது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 2.6 கிராம் உப்போடு 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கு. அந்தக் குளுக்கோஸ்தான் குடலில் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க உதவுது. மோரில் அது இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் தேடுங்க.

பால் குடித்தால் வயிறு உப்புசம் ஆகிறவர்களில் பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பகுதியை தயிர் பாக்டீரியாக்கள் முன்பே புளிப்பாக மாற்றிவிடுகின்றன. அல்சர் ஆறும் என்பது மட்டும் நம்ப வேண்டாம். மோரும் புளிப்பு, அதில் போடும் பச்சை மிளகாயும் காரம். சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்கு எரிச்சல் கூடும்.

இன்னொண்ணு. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை மோரோடு விழுங்கக் கூடாது. பால் பொருளில் உள்ள கால்சியம் மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

இதை மட்டும் மறக்காதீங்க!

வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால், உளறினால், வலிப்பு வந்தால் அவர் வாயில் மோர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, உடனே 108-க்கு போன் பண்ணணும். ஹீட் ஸ்ட்ரோக்குக்கு மோர் மருந்து இல்லை. அந்த நிலைக்குப் போகாமல் இருக்க, தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டிருப்பதற்குத்தான் மோர்.

ரோட்டோரம் குடிக்கும்போது பானையைவிட ஐஸைத்தான் கவனிக்கணும். மீன் பெட்டிக்கு வரும் ஐஸ் கட்டி டம்ளருக்கும் வந்தால், மோர் செய்யும் நல்லதெல்லாம் அதோடு போச்சு. ஐஸ் இல்லாமல் மண்பானையில் வைத்த மோரே போதும்.

கிச்சனில் மோர்

மோர்க்குழம்பு திரிஞ்சு போச்சா? புளித்த மோரை அதிக சூட்டில் கொதிக்கவிட்டால் அதில் உள்ள புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்து தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் பாட்டிகள் ஊறவைத்த கடலைப்பருப்பும் கொஞ்சம் அரிசியும் தேங்காயோடு அரைத்து ஊற்றினார்கள். அரிசி, பருப்பில் உள்ள மாவு புரதத்துக்கு நடுவில் புகுந்து, கட்டியாகாமல் தடுக்கும். மோரை ஊற்றிய பிறகு தீயைக் குறைத்து, ஓரத்தில் நுரை கட்டி வரும்போதே இறக்கிடுங்க. தளதளன்னு கொதிக்கவிடக் கூடாது. நல்ல பாக்டீரியா கிடைக்கும் என்று மோர்க்குழம்பு சாப்பிட வேண்டாம்; சூட்டில் அவை இறந்துவிடும். ருசிக்காகச் சாப்பிடுங்க, அது போதாதா?

வாழைத்தண்டும் வாழைப்பூவும் நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுவதற்கும் காரணம் உண்டு. நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டால் ஒரு நொதி வேலை செய்து கறுக்க வைக்கும். மோரின் புளிப்பு அந்த வேகத்தைக் குறைக்கும். ரொம்பப் புளித்துப் போன மோரைக் கொட்ட வேண்டாம். அரிசிமாவைக் கரைத்து மோர்க்களி கிளறலாம், ரவா தோசை மாவில் ஊற்றலாம், கேழ்வரகுக் கூழிலும் கரைக்கலாம். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மட்டும் மோரை வைக்காதீங்க. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

கத்திரி வெயிலை உருப்படியாகப் பயன்படுத்தணும்னா மோர் மிளகாய்தான். மிளகாயைக் கீறி, உப்பு போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிடணும். காலையில் மிளகாயை மட்டும் எடுத்து மொட்டைமாடியில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடணும். மோர் முழுக்க மிளகாயில் ஏறும் வரை மூணு நாலு நாள் இப்படியே செய்துவிட்டு, பிறகு சலசலன்னு சத்தம் வரும் வரை காயவிட்டால் வருஷம் முழுக்க வரும். கடற்கரை ஊர்களில் சாயங்காலம் ஈரக்காற்று அடிக்கும் முன்பே மாடியிலிருந்து எடுத்துடுங்க, இல்லேன்னா பூஞ்சை பிடிச்சிடும்.