கையொப்பத்திற்கு முன்

மனநல மருத்துவரை நாடிச் செல்வோர் கையில் முதலில் தரப்படுவது பெரும்பாலும் மருந்தன்று, ஒரு தாள். கட்டணம் எவ்வளவு, குறித்த நேரத்திற்கு வர இயலாவிடில் எப்போது தெரிவித்தல் வேண்டும், பேசியவை யார் யாருக்குச் சொல்லப்படும், எத்தகைய சிகிச்சைக்கு நாம் இசைகின்றோம் என்பனவெல்லாம் அதில் அடங்கியிருக்கும். நம்மவருள் பலர் அதைப் படிப்பதில்லை. 'எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?' என்று கேட்டு, சுட்டிய இடத்தில் போட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறோம். பல வேளைகளில் கையொப்பமிடுபவர் நோயாளியே அல்லர். அண்ணனோ மாமனோ இட்டுவிடுகிறார். அத்தாளின் பொருள் யாது என்பதையே ஈண்டுச் சற்று விரித்துக் காண்போம்.

அலுவலக விதிகளை முதலில் முடித்துக்கொள்வோம். ஆலோசனை வழங்குபவர் ஒருவருக்கென ஒதுக்கிய நேரத்தில் வேறெவரையும் பார்ப்பதில்லை. ஆதலால் சொல்லாமல் வராதிருப்போரிடம் சில இடங்களில் கட்டணம் கேட்கப்படுகிறது. முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருப்பின் அது முறை. பின்னர்ச் சொன்னால் பூசல். தனியார் நிலையங்கள் பலவும் இரவில் திறந்திருப்பதில்லை என்பதால், நள்ளிரவில் நிலைமை கைமீறினால் எங்குச் செல்வது என்பதும் தாளில் இருத்தல் வேண்டும். இல்லையேல் கேட்டறிந்து கொள்க. 2022 அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை, 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது.

இனி, ஒப்புதல். 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டமும் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் பெரிதும் நோயாளரை அடைத்து வைத்தலையும் விடுவித்தலையும் பற்றியே பேசின. 2017இல் இயற்றப்பட்டு 2018 மே திங்களில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமோ நோயாளரின் உரிமையிலிருந்து தொடங்குகிறது. வற்புறுத்தல், அச்சுறுத்தல், ஏமாற்று ஆகியன இன்றி, குறிப்பிட்ட ஒரு சிகிச்சையின் நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும் நோயாளருக்கு விளங்கும் மொழியிலும் முறையிலும் எடுத்துரைத்த பின் பெறப்படுவதே ஒப்புதல் என்று அது வரையறுக்கிறது. இங்குக் 'குறிப்பிட்ட' என்னும் சொல் ஊன்றி நோக்கத்தக்கது. 'எச்சிகிச்சைக்கும் சம்மதம்' என்று ஒரே வரியில் வாங்கும் கையொப்பம் இவ்வரையறைக்குள் அடங்காது. சான்றாக, லித்தியம் என்னும் மருந்தை உட்கொள்வோர் குருதியில் அதன் அளவை அவ்வப்போது சோதித்தல் இன்றியமையாதது. அளவு மிகின் நஞ்சாகும். இதனைச் சொல்லாது பெற்ற சம்மதம் எங்ஙனம் சம்மதமாகும்?

'புத்தி தடுமாறியவனிடம் சம்மதம் கேட்பதா?' என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானதே. மனநோய் என்ற பெயர் வந்ததனாலேயே முடிவெடுக்கும் ஆற்றல் அற்றுப்போவதில்லை என்பது சட்டத்தின் விடை. சொன்னதை விளங்கிக்கொள்ளுதல், தம் முடிவின் விளைவை உணர்தல், முடிவைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தல் ஆகியனவே அளவுகோல். அவர் எடுத்த முடிவு நமக்குத் தவறாகத் தோன்றுவது மட்டுமே ஆற்றலின்மைக்குச் சான்றாகாது. (இவ்வளவுகோலை நம் வீட்டுத் திருமணப் பேச்சுகளிலும் கைக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.) ஆற்றல் உண்மையிலேயே குன்றி, தமக்கோ பிறர்க்கோ கேடு நேரும் நிலையில், இரு வல்லுநர் தனித்தனியே ஆய்ந்த பின் அவருடைய ஒப்புதலின்றியும் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள்களுக்கே. அந்நாள்களில் ஏழு நாள்களுக்கு ஒருமுறை அவர்தம் ஆற்றலை மீண்டும் மதிப்பிட வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்போர் ஏர்வாடியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அங்குத் தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர், ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. தர்காவை நாடி நம்பிக்கையோடு அழைத்துவரப்பட்டோர் அவர்கள். அழைத்து வந்தவருள் பலரும் அன்பினாலேயே வந்திருப்பர். ஆனால் கட்டப்பட்டவர்களிடம் எவரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று சங்கிலியிடுதலைச் சட்டம் எவ்வகையிலும் தடைசெய்துள்ளது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் தராமல் மின் அதிர்ச்சிச் சிகிச்சை அளித்தலும் தடைசெய்யப்பட்டதே. துவாவோடு மருந்தும் கிடைக்க, மருத்துவர்கள் தர்காவிற்கே வந்து பார்க்கும் ஏற்பாடு ஏர்வாடியில் பின்னர் அமைந்தது.

மாணவர்கள் மிகவும் அஞ்சுவது வேறொன்று: 'சொன்னது வெளியே போகுமோ?' சிகிச்சையளிக்கும் வல்லுநர் நோயாளரைப் பற்றி அறிந்தவற்றைக் காத்தல் சட்டப்படியான கடமை. நம் வீட்டு மொழியிற் சொன்னால், அமானிதம். விலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை, உடன் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் தேவை போன்றன. இவற்றுள் எதுவும் இல்லாத நிலையில், 18 வயது நிறைந்தவர் சொன்னதைத் தந்தை கேட்டார் என்பதற்காக மருத்துவர் எடுத்துரைத்தல் ஆகாது. கேட்க உரிமையுண்டு என்று எண்ணியிருந்த பெற்றோர்க்கு இது கசக்கலாம். ஆயினும் இவ்வுறுதி இல்லாவிடில் அம்மகன் மருத்துவரின் வாயிலையே மிதித்திருக்க மாட்டான்.

மேலும் ஒரு வசதி உண்டு, அறிந்தோர் குறைவு. நலமாக இருக்கும்போதே, பின்னாளில் மனநோய் வந்தால் எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா, தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பவற்றை, வயதுவந்த எவரும் எழுதி வைக்கலாம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. அவ்வாறு குறிக்கப்படுபவர் உறவினராகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. வயதுவந்த நண்பராகவும் இருக்கலாம், அவர் எழுத்தில் இசைந்தால் போதும். நாம் அறிந்தவரை, மூத்த மகனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்றிருக்கும் குடும்பங்களில் இப்பேச்சை எடுப்பதற்கே ஒரு துணிவு வேண்டும்.