யெப்பேயும் அர்த்தராத்திரிக் குடையும்

டென்மார்க்கில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு லுட்விக் ஹொல்பேர்க் தெரிந்த பெயர். பெற்றோர் பலருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. 1684இல் நோர்வேயின் பேர்கன் நகரில் பிறந்து, கொப்பன்ஹேகனில் பேராசிரியராக இருந்து, டெனிஷ் மொழியில் மேடை நாடகத்துக்கு அடித்தளம் இட்டவர் அவர். 1722இல் மேடையேறிய அவருடைய 'யெப்பே போ பியேர்கெத்' (மலையடி யெப்பே) என்ற நாடகத்தை 1981இல் கஸ்பர் ரொஸ்ற்றுப் படமாக்கினார். புஸ்ரர் லார்சன் யெப்பேயாக நடித்த அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எழுந்த கேள்விகளையே இங்கு முன்வைக்கிறேன்.

யெப்பே ஓர் ஏழைக் குடியானவன். சவர்க்காரம் வாங்கி வா என்று மனைவி நில்லே கொடுத்தனுப்பிய காசைக் குடித்துத் தீர்த்துவிட்டுக் குப்பைமேட்டில் விழுந்து கிடக்கிறான். அவ்வழியே வந்த பிரபு, வேடிக்கைக்காக அவனைத் தூக்கிச் சென்று தன் கட்டிலில் கிடத்துகிறார். விழித்தெழும் யெப்பேயிடம் 'நீங்கள்தான் பிரபு' என்று வேலைக்காரர் சாதிக்கிறார்கள். அவனும் நம்பி அதிகாரம் செய்யத் தொடங்குகிறான். பிறகு மறுபடி வெறியாக்கிக் குப்பைமேட்டிலேயே போட்டுவிடுகிறார்கள். அதோடும் விடவில்லை. ஒரு போலி நீதிமன்றத்தைக் கூட்டி, மரண தண்டனை விதித்து, மயக்க மருந்து கொடுத்துத் தூக்குமரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கடைசியில் கையில் நாலு காசு. குடியானவனிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் அவன் கொடுங்கோலன் ஆவான் என்ற நீதியோடு பிரபு நாடகத்தை முடித்து வைக்கிறார்.

இந்த நீதி எங்களுக்குப் புதிதல்ல. 'அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்' என்று எங்கள் ஊரிலும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனைப் பகலில் குடை பிடிக்க விட்டார்களா என்று எவரும் கேட்பதில்லை. திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிப்பதே ஒரு காலத்தில் தடுக்கப்பட்டிருந்தது என்பது வரலாறு.

யெப்பேயின் காலத்தையும் சற்றுப் பார்ப்போம். சேலன் தீவின் குடியானவ ஆண்கள், பிறந்த பண்ணையை விட்டு நீங்க முடியாதவாறு சட்டத்தால் கட்டப்பட்டிருந்தார்கள். 1702இல் அக்கட்டு நீக்கப்பட்டபோதும், 1699க்குப் பின் பிறந்தவர்களுக்கே விடுதலை கிடைத்தது. ஆகவே 1722இல் வளர்ந்த ஆளாக இருந்த யெப்பே போன்றவர்களுக்கு அதனால் பயனில்லை. 1733இல் வேறு வடிவில் அக்கட்டு நாடு முழுவதற்கும் திரும்பி வந்து, 1788இல்தான் ஒழிக்கத் தொடங்கப்பட்டது. கொப்பன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தருகே நிற்கும் விடுதலைத் தூண் இதன் நினைவுச் சின்னமே. இதே காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் விதிகள் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

இனி யெப்பேயின் 'ஆட்சி'யைக் கவனியுங்கள். அவன் பண்ணை மேற்பார்வையாளனைக் கூப்பிட்டு, இந்தச் சம்பளத்தில் உனக்கு இவ்வளவு ஆடம்பரம் எப்படி வந்தது என்று கணக்குக் கேட்கிறான். அது நியாயமான கேள்வி. பண்ணையில் வேலை செய்து முதுகு முறிந்தவனால்தான் அதைக் கேட்க முடியும். அடுத்த கணமே அவனைத் தூக்கிலிடு என்று கத்துகிறான். அது கொடுங்கோன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிகாரம் என்றால் அடியும் தூக்கும்தான் என்று அவனுக்குப் படிப்பித்தவர் யார்? பிரபுவின் நீதியில் அந்த உத்தரவு மட்டுமே நிற்கிறது, கேள்வி காணாமற் போய்விடுகிறது. தன் குடிக்கான காரணங்களாக யெப்பே அடுக்குவதில் அந்த மேற்பார்வையாளனின் கொடுமையும் ஒன்று என்பதும் மறைந்துவிடுகிறது. பிரபு நடத்தியதைப் பரீட்சை என்றும் சொல்ல முடியாது. சுற்றி நின்றவர் அனைவரும் நடிக்கையில் அவன் கையில் இருந்தது அதிகாரமே அல்ல.

ஹொல்பேர்க் யார் பக்கம்? 1747இல் அவரும் பிரபுப் பட்டம் பெற்றார், பண்ணைகளும் வைத்திருந்தார். ஆயினும் நாடகத்தில் எங்கள் நெஞ்சில் நிற்பவன் பிரபு அல்ல, யெப்பேதான்.

இவ்விடத்தில் புலம்பெயர்ந்த எம்மவரைப் பற்றியும் பேசவேண்டியுள்ளது. இந்நாட்டில் துப்புரவு வேலையிலும் தொழிற்சாலையிலும் எங்களில் எத்தனையோ பேர் யெப்பேயின் இடத்தில் நின்றவர்கள். ஆனால் சங்கத்துக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து ஒருவர் தலைவராக வந்தால், 'இவரெல்லாம் தலைவரோ' என்ற முணுமுணுப்புக் கிளம்புகிறது. அவர் ஒரு பிழை விட்டால் பிழைக்காக மட்டும் கண்டிப்பதில்லை, 'உதுதான் சொன்னனாங்கள்' என்று பிறப்பையும் சேர்த்து இழுக்கிறோம். வேலைத்தலத்தில் யெப்பேயாக இருப்பவர்கள் மண்டபத்துக்குள் பிரபுவின் கதிரையில் அமர்ந்து சிரிக்கிறார்கள்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அக்காலத்தில் மேடையேறிய 'கந்தன் கருணை', ஒடுக்கப்பட்டவரைச் சிரிப்புக்குரியவராக அல்ல, உரிமை கேட்பவராகக் காட்டியது. அந்த மரபும் எங்களுடையதுதான். யெப்பேயைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. நல்ல நகைச்சுவை அது. எந்தக் கதிரையிலிருந்து சிரிக்கிறோம் என்பதுதான் விவாதிக்கப்பட வேண்டியது.