மலைமேல் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்றால்

ஹெப்பகோடியில் பேருந்து உண்டு. ஆஸ்பத்திரி உண்டு. பள்ளிக்கூடம் உண்டு. ரேஷன் கடையும் உண்டு. அங்கிருந்து தெற்கே 200 கிலோமீட்டருக்குள் ஒரு மலை இருக்கிறது. அதன் பெயர் பிலிகிரி ரங்கன் மலை. அது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. மலைமேல் உள்ள ரங்கநாதர் கோயிலுக்குப் பலர் போய் வருகிறார்கள். காட்டுக்குள் வாழும் மக்களைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

அந்த மக்கள் சோளகர்கள். கன்னடத்தில் சோலிகர் என்பார்கள். தமிழ்நாட்டில் சத்தியமங்கலம் பக்கத்து மலைகளிலும் வாழ்கிறார்கள். தங்கள் குடியிருப்பை அவர்கள் ‘போடு’ என்று சொல்வார்கள்.

காட்டில் தேன் எடுத்தார்கள். நெல்லிக்காய், கல்பாசி, சீயக்காய் சேகரித்தார்கள். காட்டில் இடம் மாற்றி மாற்றிக் கேழ்வரகு விதைத்தார்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு.

காடு யாருடையது?

1974-ஆம் ஆண்டு அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. வேட்டை நின்றது. இடம் மாற்றிப் பயிர் செய்வதும் நின்றது. உள்காட்டில் இருந்தவர்கள் வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள்.

2002-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் காட்டுப் பொருள்களைச் சேகரித்து விற்கவும் தடை வந்தது. விலங்குகளைக் காக்க வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தேன் எடுத்துப் பிழைத்தவர் கூலி வேலை தேடிப் போக வேண்டியதாயிற்று.

நோயும் படிப்பும்

மலைக் கிராமத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன ஆகும்? யானை நடமாடும் பாதையில் இறங்கி வரவேண்டும். பிரசவ நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். சோளகர்களிடையே அரிவாள் அணுச் சோகை என்னும் பரம்பரை இரத்த நோயும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை வேண்டும்.

டாக்டர் சுதர்சன் என்பவர் இந்த மலைக்கு வந்து மருத்துவம் பார்த்தார். 1981-இல் விவேகானந்தா கிரிஜன கல்யாண கேந்திரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். வைத்தியத்தோடு பள்ளிக்கூடமும் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். இன்று முனைவர் பட்டம் பெற்ற சோளகரும் இருக்கிறார்.

சட்டம் தரும் வழி

2006-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தில் இருந்து வரும் பழங்குடிக் குடும்பம் உரிமை கேட்கலாம். ஒரு குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 10 ஏக்கர் வரை, கிடைக்கும். அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு மட்டுமே உரிமை. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு.

இன்னொன்றும் உண்டு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை போன்ற 13 வசதிகளுக்கு வன நிலம் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலமே கிடைக்கும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரை செய்ய வேண்டும்.

எப்படிக் கேட்பது?

முதலில் கிராம சபை கூட வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சபை ஒரு வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மனுவை அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றாகும். மனு கோட்டக் குழுவுக்கும், பிறகு மாவட்டக் குழுவுக்கும் போகும். கிராம சபையின் முடிவு சரியில்லை என்றால் 60 நாளுக்குள் கோட்டக் குழுவிடம் முறையிடலாம்.

பிலிகிரி ரங்கன் மலையில் இது நடந்தது. 2011-இல் அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள்ளும் மக்களுக்கு உரிமை உண்டு என்று அது காட்டியது.

எழுத்தின் பயன்

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. கிராம சபையில் தீர்மானம் எழுதுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? எத்தனை ஏக்கர்? யார் பெயர்? படிக்காமல் கைநாட்டு வைத்தால் இது தெரியாது. ஒரு எண் தவறினாலும் நிலம் குறையும். பெண்ணின் பெயர் விட்டுப் போனால் அவள் உரிமை எழுத்தில் இராது. மனு தள்ளப்பட்டால் காரணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைப் படிக்கவும் வேண்டும்.

மலையில் சாலை போடப் பணம் வேண்டும். அந்தச் சாலையைக் கேட்டு வாங்க எழுத்து வேண்டும்.

கலந்து பேசுங்கள்

1. மலைமேல் பள்ளிக்கூடம் கட்ட யாருடைய பரிந்துரை வேண்டும்?
2. பட்டாவில் மனைவியின் பெயரும் ஏன் இருக்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் கிராம சபை அல்லது வார்டு கூட்டம் கடைசியாக எப்போது கூடியது? தீர்மானத்தை யார் படித்துக் காட்டினார்?